தினமும் ஓட்டும் காரை ட்ராக் நாளுக்குத் தயார் செய்வது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

ட்ராக் நாள் என்றால் சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவைக்கு அருகே செட்டிபாளையத்திலோ உள்ள ட்ராக்கில் ஓட்ட முதல் முறையாகப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆபீசுக்கும் கடைக்கும் ஓடுகிற ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரியான ஒரு ஹேட்ச்பேக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓட்டிக்கொண்டே ட்ராக்குக்குப் போக வேண்டும், நாள் முழுக்க ஓட்ட வேண்டும், அதிலேயே வீடு திரும்பவும் வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புதியவர்கள் காசு போடும் இடம் ஒன்று, கார் கைவிடும் இடம் வேறொன்று. ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) என்று செலவு செய்துவிட்டு வருகிறார்கள். மதியத்துக்குள் அவர்களை உட்கார வைப்பது கொதித்துப்போன பிரேக் ஆயில், ஓரம் கிழிந்த டயர், இல்லையென்றால் தளர்ந்த வீல் நட்டு. பவர் எதையும் தொட வேண்டாம். நிற்பதும் திரும்புவதும் சூடு தாங்குவதும் சரியாக இருந்தால் முதல் நாளுக்குக் கம்பெனி எஞ்சினே தாராளம்.

வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் பாதி வேலை வீணாகும். காத்திருக்க வேண்டிய வேலைகள் முதலில், இறுக்கிச் சரிபார்க்கும் வேலைகள் கடைசியில். மூன்று வாரம் கையில் இருந்தால் நிதானமாக முடிக்கலாம்.

1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஏற்பாட்டாளரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்த மாதிரி ஹெல்மெட் வேண்டும்? முன்பக்க டோ ஹூக் (காரைக் கட்டி இழுக்க உதவும் கொக்கி) கட்டாயமா? ஒரு செஷன், அதாவது ஒரு முறை ட்ராக்கில் இறங்கி ஓட்டும் நேரம், எத்தனை நிமிடம்? முந்திச் செல்ல எங்கே அனுமதி? உங்களுடையது உயரமான எஸ்.யூ.வி. என்றால் அதை அனுமதிப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கவிழும் ஆபத்து இருப்பதால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள்.

அப்புறம் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்டிருக்கும். ‘இது ரேஸ் இல்லையே’ என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ட்ராக்கில் சுவரில் இடித்தால் கிளைம் வராது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாத நிலையில் இருந்தால், லோன் பாக்கியுள்ள காரைக் கொண்டுபோக வேண்டாம்.

2. மூன்று வாரம் முன்பு: லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பது

முதல் வேலை எதையும் வாங்குவது இல்லை, காரின் அடிப்பகுதியைப் பார்ப்பது. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கும்போது அலைன்மென்ட் செய்தால் அந்தக் காசு தண்டம். ஆக்சிலின் ரப்பர் உறையான பூட் கிழிந்திருப்பது இப்போதே தெரிந்தால்தான் பார்ட்ஸ் வர நேரம் இருக்கும்.

தெரிந்த மெக்கானிக்கிடம் போய் லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் டை ராடைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, பேரிங்கில் கரகரப்பு கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்த கறை, பிரேக் ஹோஸில் வெடிப்பு, எஞ்சின் மவுண்ட்டில் கிழிசல் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

தெருவில் 60 கி.மீ. வேகத்தில் தெரியாத ஆட்டம் ட்ராக்கின் வேகமான வளைவில் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். அந்த இடத்தில் ஓரமாக நிறுத்த முடியாது.

ஆயில் கசிவு இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ட்ராக்கில் நீங்கள் சிந்தும் எண்ணெயில் வழுக்கப்போவது பின்னால் வருபவரின் கார்.

3. பிரேக் பேடும் டிஸ்க்கும்

இந்த வழிகாட்டியில் இரண்டே பகுதிகளைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதையும் அடுத்ததையும் செய்யுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள கார் 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 680 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. 2 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு சூடு போதும். அது முழுவதும் சுமார் மூன்றே வினாடியில், பெரும்பகுதி முன்பக்க இரண்டு டிஸ்க்குகளில் இறங்குகிறது. இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட் 3.717 கி.மீ., 12 வளைவுகள். ஒரு லேப்பில் (ட்ராக்கின் ஒரு முழுச் சுற்றில்) இப்படி அழுத்திப் பிடிக்கும் இடங்கள் பல. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போவதற்காகச் செய்த பேட், மூன்றாவது நான்காவது லேப்பில் பிடியை இழப்பது இதனால்தான். பெடல் கல் மாதிரி இருக்கும், கார் மட்டும் நிற்காது.

பேட் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். மெல்லிய பேட் தேய்ந்து தீருவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், பேட் மெலிந்தால் சூடு சீக்கிரமாகக் காலிப்பருக்கும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அதன் வழியாகப் பிரேக் ஆயிலுக்கும் போய்விடும்.

எந்தப் பேட்? தெருவிலும் ட்ராக்கிலும் ஓட்டக்கூடிய, அதிக வெப்பம் தாங்கும் ரகம் வாங்குங்கள். முழு ரேஸ் பேட் வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் ஹைவேயில் ஏறும்போது, குளிர்ந்த நிலையில், முதல் பிரேக்கில் அது உங்களைப் பயமுறுத்தும்.

டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் தேய்மானத்தின் வரப்பு தெரியும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள், அதைத் தொட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மயிர்க்கோடாக வெடிப்பு விளிம்பு வரை ஓடியிருந்தாலும் மாற்றுங்கள்.

புதுப் பேட் போட்டதும் பழக்க வேண்டும். இதற்குத்தான் மூன்று வாரம் கேட்டேன். இரண்டு மூன்று நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். பிறகு விடியற்காலையில் ஆளில்லாத, நேரான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 80-லிருந்து 20 வரை உறுதியாகப் பிடித்து விடுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு. எந்த முறையும் முழுதாக நிறுத்தக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் பேடின் உராய்வுப் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் நடுங்கும். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

ட்ராக்குக்கு வந்த பிறகு பேட் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகாத பேடில் முதல் செஷனே போய்விடும்.

4. பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 தரத்துக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 3 என்றால் 205-ம் 140-ம். கொதித்தால் ஆயிலுக்குள் ஆவிக் குமிழ்கள் வரும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால் பெடல் தரையைத் தொடும், காரில் பிரேக் இருக்காது. பேட் சூட்டில் கைவிடும்போது பெடலாவது கெட்டியாக நிற்கும். இங்கே அதுவும் இல்லை.

கடற்கரை ஊர்களில் ஓடும் காரில் இரண்டு வருட ஆயிலை நம்பி ட்ராக்கில் இறங்காதீர்கள். சீல் உடைக்காத புது டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்கி முழுதாக மாற்றுங்கள். மெக்கானிக் ஷெட்டில் பாதி தீர்ந்து மூடி தளர்ந்து நிற்கும் பாட்டில் வேண்டாம், அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 5-க்கும் 5.1-க்கும் பெயரில்தான் நெருக்கம்.

டப்பாவில் இருக்கும் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால் மாற்றியதாகாது. கொதிப்பது காலிப்பரில் இருக்கும் ஆயில்தான். நான்கு சக்கரத்திலும் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) திறந்து, தெளிவான புது ஆயில் குமிழில்லாமல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். உங்கள் காரின் சர்வீஸ் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். வேலை நடக்கும்போது டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்தால் காற்று உள்ளே போகும், ஏ.பி.எஸ். உள்ள காரில் அதை வெளியேற்றுவது பெரிய வேலை.

முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது.

5. டயர்

தெரு டயரே போதும். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண டயர் பிடி விடும் முன் கீச்சிட்டுச் சொல்லும். புதியவருக்கு அந்த எச்சரிக்கை தேவை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடத்தைத் தாண்டிய டயரில் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் ட்ராக்குக்கு எடுத்துப்போகாதீர்கள். ரப்பர் இறுகியிருக்கும். பக்கச்சுவரில் வீக்கம் இருந்தால் அந்த டயர் தெருவுக்கே ஆகாது.

டியூப்லெஸ் பஞ்சருக்கு வெளியிலிருந்து ரப்பர் திரி செருகியிருந்தால் அந்த டயரையும் ஒதுக்குங்கள். ட்ராக்கின் சூட்டிலும் பக்கவாட்டு இழுப்பிலும் திரி வெளியே வர வாய்ப்பு உண்டு. நம்மில் பலருக்கு எந்த டயரில் எத்தனை பஞ்சர் போட்டோம் என்பதே நினைவிருக்காது. சக்கரத்தைச் சுற்றி, ட்ரெட்டை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

புது டயர் போட வேண்டியிருந்தால் இப்போதே போடுங்கள். மேற்பரப்பின் வழவழப்பு போக இருநூறு முந்நூறு கி.மீ. ஓட வேண்டும்.

6. அலைன்மென்ட்

புஷ், டயர் வேலைகள் முடிந்த பிறகுதான் இது. கம்பெனி அளவுக்கே வைக்கச் சொல்லுங்கள், முதல் நாளுக்குத் தனி அளவு எதுவும் வேண்டாம். பேலன்சிங்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள். அலாய் வீலின் உள்பக்கம் ஒட்டும் எடைகள் பிரேக் சூட்டில் உதிர்வது உண்டு. பழைய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

7. எஞ்சின் ஆயில், கூலன்ட், பேட்டரி

ஒரு வாரம் முன்பு இதைச் செய்தால் போதும். ஆயில் மாற்றி பாதி சர்வீஸ் இடைவெளி தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். கார் கையேட்டில் சொன்ன கிரேடே போதும். அளவுதான் முக்கியம். நீளமான வளைவில் ஆயில் முழுவதும், எஞ்சினின் அடியில் அது தேங்கும் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், பேரிங் வறண்டுபோகும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், கோட்டைத் தாண்ட வேண்டாம்.

கூலன்ட் டப்பாவில் அளவு சரியா, ஹோஸ்கள் அழுத்தினால் கல்லாகவோ கொழகொழவென்றோ இல்லையா, ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் முன்னால் ஒட்டியிருக்கும் பூச்சி, பாலிதீன், காய்ந்த இலைகளை மென்மையாகத் தண்ணீர் அடித்து எடுங்கள். அழுத்தமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். வருடக்கணக்கில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிவந்த கார் என்றால் சரியான கூலன்ட் கலவைக்கு மாறுங்கள். வெறும் தண்ணீரின் கொதிநிலை குறைவு, உள்ளே துருவும் பிடிக்கும்.

பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். நகர்ந்தால் கிளாம்ப்பை இறுக்குங்கள், பிளஸ் முனைக்கு மூடி போடுங்கள். ட்ராக்கில் இறங்கும் முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ருட்டினியில் முதலில் கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

8. ஹெல்மெட், சீட், பெல்ட்

ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற அமைப்பின் எஸ்.ஏ. தரம் கார் பந்தயத்துக்கானது, உள்பஞ்சு தீ தாங்கும். எம். தரம் மோட்டார் சைக்கிளுக்கானது. முதல் நாளுக்கு முழு முகம் மூடும் ஐ.எஸ்.ஐ. பைக் ஹெல்மெட்டை ஏற்கும் இடங்கள் உண்டு, கேட்டு உறுதி செய்யுங்கள். எதுவானாலும் ஹெல்மெட் போட்டபடி காரில் உட்கார்ந்து பாருங்கள். உயரமானவர்களுக்குத் தலை கூரையில் முட்டும், ட்ராக்கில் போய்த்தான் அது தெரியவரும் என்றால் சங்கடம்.

சீட்டைத் தெருவில் வைப்பதைவிட நெருக்கமாக வையுங்கள். முதுகு முழுதாகச் சாய்ந்திருக்கையில் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வளைவில் உடம்பு சரியாமல் இருக்க ஸ்டியரிங்கையே பிடித்துத் தொங்குவீர்கள், முன்சக்கரம் கொடுக்கும் தகவல் கைக்கு வராது.

கம்பெனி மூன்று முனை பெல்ட்டே போதும். சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளிப் பெல்ட்டைப் போட்டு, தோள் பட்டையைச் சட்டென இழுத்துப் பூட்ட வைத்து, அந்தப் பிடியிலேயே சீட்டை முன்னால் நகர்த்துங்கள். இறுக்கமாக நிற்கும். ஆன்லைனில் கிடைக்கும் நான்கு முனை ஹார்னஸை வாங்கிச் சாதாரண சீட்டில் மாட்டாதீர்கள். மோதலில் உடம்பு அடியில் வழுக்கி, பெல்ட் வயிற்றில் ஏறும். ரோல் கேஜ் இல்லாத காரில் கூரை நசுங்கினால் உடம்பு ஒதுங்க வழியும் இருக்காது.

முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. நைலான் டி-ஷர்ட் தீயில் உருகித் தோலில் ஒட்டும். தடித்த ரன்னிங் ஷூ இரண்டு பெடலை ஒன்றாக மிதிக்கும்.

9. முந்தின நாள்: காரைக் காலி செய்வது

நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஃப்ளோர் மேட், டேஷ்போர்டில் இருக்கும் சென்ட் பாட்டில், கண்ணாடியில் தொங்கும் மணி, சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் இருக்கும் சில்லறை. டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் மரியாதையோடு எடுத்து வீட்டில் வையுங்கள். வெயிலில் பசை இளகி, பிரேக் பிடிக்கும்போது அவர் கண்ணாடி வரை போய்த் திரும்பி வருவார்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தண்ணீர் பாட்டில். அழுத்திப் பிரேக் பிடித்தால் சீட்டுக்கு அடியில் இருப்பது முன்னால்தான் உருளும். உருண்டு நிற்கும் இடம் பிரேக் பெடலின் அடி. அரை லிட்டர் பாட்டில் ஒன்று அங்கே மாட்டிக்கொண்டால் பெடல் பாதிக்கு மேல் இறங்காது. உங்கள் காரை நிறுத்திவைத்து ஒருமுறை வைத்துப் பாருங்கள், புரியும்.

தீயணைப்பான் நல்லதுதான், போல்ட் போட்டு மாட்டியிருந்தால் மட்டும். சீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் பறக்கும் பொருள்தான்.

ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் டிக்கியில் எடுத்துப் போங்கள், ஓட்டும் முன் பிட்டில் (ட்ராக்கை ஒட்டிக் கார்கள் நிற்கும் இடம்) இறக்கிவிடுங்கள். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பும் வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வார்கள் என்று யோசிப்பதில்லை.

டோ ஹூக்கை எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பம்பரில் சின்ன மூடிக்குப் பின்னால் அதன் துளை இருக்கும். போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்களில் மரை தலைகீழ், இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். ட்ராக்கில் வெயிலில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

கூட எடுத்துப்போக: டார்க் ரென்ச்சும் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) சரியான சாக்கெட்டும், நம்பகமான காற்றழுத்தமானி, சிகரெட் லைட்டரில் ஓடும் சிறு கம்ப்ரசர், ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில், சீல் உடைக்காத பிரேக் ஆயில், சாக்பீஸ், துணி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, டேப், தொப்பி, நிறையத் தண்ணீர். லைசென்ஸ் அசலை மறக்காதீர்கள்.

பெட்ரோல் முக்கால் டேங்க். கால் டேங்குக்குக் கீழே போனால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திணறலாம். தெருவில் 15 கொடுக்கும் கார் இங்கே 5, 6-க்கு இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

10. ட்ராக்கில், காலையில்

ஹைவேயில் வந்த டயர் சூடாக இருக்கும். வந்தவுடன் காற்று பார்த்தால் எண் ஏமாற்றும். முதலில் பொருட்களை இறக்குங்கள், ஸ்க்ருட்டினியை முடியுங்கள், பிறகு நிழலில் ஆறியதும் அளவெடுங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவே தொடக்கம், 30-ஓ 32-ஓ பி.எஸ்.ஐ. ‘ட்ராக்குன்னா காத்து குறைக்கணும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு 24-க்கு இறக்காதீர்கள். பக்கச்சுவர் மடிந்து, டயர் தோளில் ஓடும், ஒரே செஷனில் ஓரம் போய்விடும்.

டயரின் தோளில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சாக்பீஸால் குறுக்காக மூன்று நான்கு கோடு போடுங்கள். இது எதற்கு என்று 12-ஆம் பகுதியில்.

இப்போதுதான் வீல் நட்டு. டார்க் ரென்ச்சைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்து, எதிரெதிர் வரிசையில் இறுக்குங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். மற்ற கார்களுக்கு மாறுபடும், யூகிக்காதீர்கள். டயர் கடையில் ஏர் கன்னால் இறுக்கியதை நம்பி வரக்கூடாது. ஒன்று தளர்வாக இருக்கும், இல்லையென்றால் நட்டு மாட்டும் ஸ்டட் இழுபட்டிருக்கும்.

டிரைவர்ஸ் பிரீஃபிங்கில் ஃபோனைப் பார்க்காமல் உட்காருங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நின்றது, நிதானமாகப் பிட்டுக்கு வா. நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பு உங்களைக் காட்டினால் பிட்டுக்குள் வர வேண்டும். கொடி காட்டும் மார்ஷல்கள் நிற்கும் போஸ்ட்கள் எங்கெங்கே என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. முதல் செஷன்

ஈ.எஸ்.பி. (கார் சறுக்கினால் தானே சரிசெய்யும் அமைப்பு) இருந்தால் அணைக்காதீர்கள். அது விளக்கு காட்டும் ஒவ்வொரு இடமும் நீங்கள் அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று சொல்லும் இடம்.

பதினைந்து நிமிட செஷனில் லேப்புக்கு இரண்டரை நிமிடம் வைத்தால் ஆறு லேப், ஏறக்குறைய 22 கி.மீ. முதல் லேப் டயரும் பிரேக்கும் சூடாக. நடுவில் நான்கு லேப், உங்களால் முடியும் என்று நினைப்பதில் முக்கால் பங்கு வேகத்தில். பிரேக்கை நேராகப் போகும்போதே, சீக்கிரமாக, உறுதியாகப் பிடித்து முடித்துவிட்டு வளையுங்கள். வளைந்துகொண்டே பிடித்தால் ஒரே டயரிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள். கடைசி லேப் ஆறவிட: உயர் கியர், குறைந்த சுற்று, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல்.

இந்தக் கடைசி லேப்பைத்தான் பெரும்பாலான புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். செஷன் முடிவைக் காட்டும் செக்கர்டு கொடி வரை முழு வேகம், நேராகப் பிட், உடனே எஞ்சின் ஆஃப். ஓடும்போது காற்று ஆற்றிக்கொண்டிருந்த சூடு, நின்றதும் காலிப்பருக்குள் ஏறும். அசையாமல் நிற்கும்போதுதான் பிரேக் ஆயில் கொதிக்க அதிக வாய்ப்பு. டர்போ கார் என்றால் இன்னும் ஒரு காரணம் கூடுதல்: சூடான டர்போவும் ஆற வேண்டும்.

பெடல் நீளமாகப் போகத் தொடங்கினாலோ, எரிந்த வாடை வந்தாலோ, சூட்டு முள் ஏறினாலோ அந்த லேப்பிலேயே கையைக் காட்டிவிட்டு ஓரமாக மெதுவாக உள்ளே வாருங்கள். ‘இன்னும் ஒரே லேப்’ என்று ஓட்டாதீர்கள்.

12. செஷன்களுக்கு நடுவே

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் விட்டு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பின்னால் டிரம் உள்ள காரில் சூட்டில் விரிந்த டிரம், லைனிங் இறுகியிருக்கும்போதே சுருங்கினால் சிக்கிக்கொள்ளும். டிஸ்க் என்றால் பேட் திட்டாகப் பதியும்.

பானெட்டைத் திறந்து வையுங்கள், கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். உடனே காற்றழுத்தம் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். எனவே 32-ல் போன டயர் 38-ல் வந்து நிற்பது இயல்பு. நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். 35, 36-க்கு இறக்கினால் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளுக்குச் சரியாக வரும்.

எவ்வளவு என்பதை முடிவு செய்ய அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாருங்கள். பல டயர்களில் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். கோடு அதுவரை அழிந்திருந்தால் அளவு சரி. முக்கோணத்தையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் காற்று குறைவு, அல்லது நீங்கள் ஸ்டியரிங்கை அதிகமாகத் திருப்புகிறீர்கள். தோளுக்கே வராமல் நின்றிருந்தால் காற்று அதிகம். வலது வளைவுகள் அதிகமுள்ள ட்ராக்கில் இடது முன்சக்கரம்தான் அதிகம் சுமக்கும், அதன் கோடு மற்றவற்றைவிடக் கூடுதலாக அழிவது தவறில்லை.

சக்கரம் கொஞ்சம் ஆறியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள். முதல் செஷனுக்குப் பிறகு ஏதாவது ஒன்று கொஞ்சம் திரும்புவது சகஜம்.

நீங்களும் தண்ணீர் குடியுங்கள், நிழலில் உட்காருங்கள். சென்னை வெயிலில் மூடிய ஹெல்மெட்டோடு நாலைந்து செஷன் என்பது உடல் உழைப்பு. மாலையில் நடக்கும் தவறுகளில் பல, காரில் எந்தக் கோளாறும் இல்லாதபோது நடப்பவை. களைத்திருந்தால் கடைசி செஷனை விட்டுவிடுங்கள்.

13. வீட்டுக்குக் கிளம்பும் முன்

அரை மணி நேரமாவது கார் ஆறட்டும். அப்புறம் காற்று. சூட்டில் 35-க்கு இறக்கிய டயர் ஆறிய பிறகு 28, 29-ல் நிற்கும், அதோடு ஹைவேயில் போகக் கூடாது. கம்ப்ரசரால் கதவில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள்.

பேடைச் சக்கர இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பெடலை அழுத்திப் பாருங்கள். காலையில் இருந்ததைவிட மென்மையாக இருந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, மெதுவாக ஓட்டிப் போய் அடுத்த நாளே ஏர் எடுங்கள். எஞ்சின் ஆயில் அளவு, கூலன்ட் அளவு, வண்டிக்கு அடியில் சொட்டு ஏதும் உண்டா, வீல் நட்டு கடைசியாக ஒருமுறை. டோ ஹூக்கைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஸ்டெப்னியை ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள், பிட்டில் அதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

காதில் ட்ராக்கின் வேகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், 100 கி.மீ. நடப்பது மாதிரித் தெரியும். முதல் சில கிலோமீட்டர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள்.

அந்த வாரத்திலேயே நான்கு பேடையும் அளந்து, டயர் ட்ரெட் அளவோடு சேர்த்து, காற்றழுத்தம் குறித்த அதே தாளில் எழுதிவிடுங்கள். ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் போனது என்று தெரிந்தால், அடுத்த முறைக்கு இதே பேட் போதுமா, புதிதாக வாங்கி மூன்று வாரம் முன்பே பழக்க வேண்டுமா என்பது அப்போதே முடிவாகிவிடும்.